டாட்டிங் (ஷட்டில்ங்கிற சின்ன நூல் கட்டையால முடிச்சு முடிச்சா போடற லேஸ்) பனிப்பூ கிண்ணம் மாதிரி குவியுது, ஏன்?

கேள்வி (காட்பாடி): 20ஆம் நம்பர் பருத்தி நூல். ஆறு வளையம், சுத்தி ஆறு வளைவு. வளையம் 5-5 முடிச்சு, வளைவு 4-4 முடிச்சு, நடுவுல ஒரு பிக்கோ (சின்ன நூல் கண்ணி). தட்டையா படுக்கவே மாட்டேங்குது. கஞ்சி போட்டாலும் கார்த்திகை ஈரத்துல தொங்கிடுது.

பதில்: வளைவு குட்டை அக்கா. வெளிச்சுற்று இழுத்தா குவியத்தான் செய்யும். 7-7 போட்டுப் பாருங்க. ஓரம் நெளிஞ்சா ஒண்ணு குறைங்க.

பதில்: வளையம் மூடாம அடம்பிடிச்சா முடிச்சு புரளலைன்னு அர்த்தம். ஷட்டில் நூலை விறைப்பா இழுத்து, கை நூலை (விரல்ல சுத்தின நூலை) தளர்த்துங்க. கை நூல்தான் முடிச்சா விழணும். ஒவ்வொண்ணும் நகருதான்னு தள்ளிப் பார்த்துட்டு அடுத்தது போடுங்க.

பதில்: கஞ்சி வேண்டாம், கரப்பான் அரிச்சிடும். ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு. தெர்மாகோல் மேல பிளாஸ்டிக் தாள் விரிச்சு, பிக்கோவை இழுத்துக் குத்தி ராத்திரி முழுக்கக் காயவிடுங்க. துருப்பிடிக்காத குண்டூசியா வாங்குங்க. சாதா ஊசியோட பழுப்புக் கறை லேசுல போகாது.