அப்பா கைப்பட எழுதின உயில் செல்லுமா?

கேள்வி:
வணக்கம். அப்பாவுக்கு 74 வயசு, நாங்க மூணு பிள்ளைங்க. போன வாரம் ஒரு வெள்ளைத்தாள்ல வீடு யாருக்கு பேங்க்ல இருக்கறது யாருக்குன்னு எழுதி கையெழுத்து போட்டு பீரோல வச்சிட்டேன்னு சொன்னார், எடுத்துப் பாத்தா சாட்சி கையெழுத்து என் தம்பியோடது மட்டும்தான், வீடும் அவனுக்குத்தான். இப்ப எங்களுக்குள்ள சண்டை எதுவும் இல்ல, பின்னாடியும் வந்துடக்கூடாதுன்னுதான் கேக்கறேன். இது போதுமா?

பதில் 1:
போதாதுங்க, சீக்கிரம் மாத்துங்க. ஊருக்கு ஊர் சட்டம் வேறதான், ஆனா பெரும்பாலும் ரெண்டு சாட்சி கேப்பாங்க. அதவிட முக்கியம், சொத்து வாங்கறவரே சாட்சியா நிக்கக்கூடாது, பல இடத்துல அப்படி நின்னா அவருக்கு எழுதின பங்கே செல்லாம போயிடும். தம்பி மனைவியும் வேண்டாம். வயசானவர்ங்கறதால அன்னிக்கு தெளிவா இருந்தார்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கி வைங்க.

பதில் 2:
எங்க பெரியப்பா உயில ஒழுங்காத்தான் எழுதியிருந்தார். அப்புறம் மனசு மாறி நாலாவது வரிய அடிச்சிட்டு பக்கத்துல இருந்த சின்ன இடத்துல வேற பேர நுணுக்கி எழுதிட்டார். தாள் முழுக்க கறுப்பு மை, அந்த பேர் மட்டும் நீலம். பக்கத்துல கையெழுத்து இல்ல, தேதி இல்ல. அவர்தான் எழுதினாரா வேற யாராவதான்னு ஆறு வருஷம் கேஸ் இழுத்துச்சு, கூடப்பிறந்தவங்க இன்னிக்கும் பேசிக்கறதில்ல. அந்த தாள நான் கைல வாங்கிப் பாத்திருக்கேன், மனசே ஆறல. தயவுசெஞ்சு அடிச்சுத் திருத்த விடாதீங்க, மாத்தணும்னா முன்னாடி எழுதினதெல்லாம் ரத்துன்னு போட்டு புதுசா எழுதி திரும்ப சாட்சியோட கையெழுத்து வாங்குங்க.

பதில் 3:
இன்னொண்ணு எல்லாரும் விடறது. உயில்ல ஒரு பேர், பேங்க்லயும் இன்சூரன்ஸ்லயும் நாமினியா வேற பேர் இருக்கும். சில நாட்டுல நாமினிக்கே பணம் போயிடும், சில நாட்டுல நாமினி வாங்கி வாரிசுக்குக் குடுக்கணும், எப்படி இருந்தாலும் ரெண்டும் ஒத்துப்போகலன்னா தகராறுதான். அப்புறம் பேர் சொல்லாம விட்ட மிச்ச சொத்து யாருக்குன்னு ஒரு வரி, எழுதினவருக்கு முன்னாடியே வாங்கறவர் இறந்துட்டா யாருக்குன்னு ஒரு வரி, இதெல்லாம் நடத்தி வைக்கறவர் யாருன்னு ஒரு வரி, அவ்ளோதான். ஒரிஜினல் எங்க இருக்குன்னு அந்த நடத்தி வைக்கறவருக்கு கட்டாயம் தெரியணும். ஒரு வக்கீல் கிட்ட காட்டிடுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இத படிச்சதும் பாலிசிய எடுத்துப் பாத்தேன், நாமினி இன்னும் அம்மா பேர்லயே இருக்கு. அம்மா போயி நாலு வருஷம் ஆச்சு. அப்பாகிட்ட காட்டினேன், கண்ணாடிய கழட்டிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, நாளைக்கே வக்கீல பாக்கலாம்னு சொல்லிட்டார்.