வர்க்கி டப்பாவும் ஸ்டிக்கர் பொட்டும்: பிள்ளைகளின் எடை பற்றி நம் அனுபவங்கள்

கோத்தகிரி, 10 வயதுப் பையனின் அம்மா:

போன வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைக் குளிப்பாட்டும்போது பின்கழுத்தில் இருந்த கருப்பைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன், போகவில்லை, இன்னும் அழுத்தித் தேய்த்தேன், தோல் கன்றிப்போய் அவன் அழுதுவிட்டான். அழுக்கு என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து இருமலுக்காகக் கோயம்புத்தூரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனபோது அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அழுக்கில்லைம்மா, இனிமேல் தேய்க்காதீங்க. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் இப்படித் தடித்துக் கருக்கும்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அந்தக் கழுத்தை எத்தனை மாதமாகத் தேய்த்திருக்கிறேன்.

அப்போது அவனுக்கு 9 வயது, 134 சென்டிமீட்டர், 48 கிலோ. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்குள் இருந்தது, ஆனால் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பித்திருந்தது.

என்ன சாப்பிடலாம் கூடாது என்று ஒரு தாள் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். தரவில்லை. அங்கே இருந்த ஆலோசகர் அம்மா முதல் நாள் கேட்டதெல்லாம் எங்களைப் பற்றித்தான்: அப்பா எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், பலகாரம் யார் வாங்குவார்கள், எங்கே வைப்பீர்கள், டிவி முன்னால் சாப்பிடுவது யார் யார். எங்கள் வீட்டில் வர்க்கி (எங்கள் மலைப்பக்கத்து மொறுமொறு பிஸ்கட்) டப்பா டிவி ஸ்டாண்டின் மேலேயே இருக்கும். நாலு மணிக்குப் பனி இறங்கிவிடும், பள்ளி விட்டு நனைந்து வருகிற பிள்ளைக்குச் சூடாக டீயும் நாலு வர்க்கியும் கொடுப்பது இந்த ஊரில் பாசம், அதில் தப்பு இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? அவர்கள் வர்க்கியை நிறுத்தச் சொல்லவில்லை. கிலோக் கணக்கில் வாங்கி வைக்காதீங்க, வேண்டும் என்கிற அன்றைக்குக் கடைக்கு நடந்து போய் வேண்டிய அளவு வாங்குங்க, டப்பா கண்ணில் படவேண்டாம் என்றார்கள். அவ்வளவுதான்.

அப்புறம் நோட்டு. சாப்பிட்டதை எல்லாம் எழுதி சிக்னல் விளக்கு மாதிரி நிறம் போடவேண்டும். காரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், கீரை பச்சை. சோறு, இட்லி, முட்டை மஞ்சள், அளவோடு சாப்பிடலாம். வர்க்கி, மிக்சர், சிப்ஸ், ஹோம்மேட் சாக்லேட் சிவப்பு. சிவப்பு கூடாது என்றில்லை, வாரத்துக்கு எத்தனை என்று எண்ணவேண்டும், எண்ணிக்கையை மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். நானும் வீட்டுக்காரரும் எங்களுக்கும் தனித்தனி நோட்டுப் போட்டோம். முதல் வாரம் பையனுக்கு 31 சிவப்பு, அவன் அப்பாவுக்கு 40. அதைப் பார்த்ததும் பையன் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்கமுடியாது, அதுவரைக்கும் வீட்டில் தப்பு செய்பவன் தான் ஒருத்தன் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அத்தைக்குத்தான், அதாவது என் மாமியாருக்கு, இது பிடிக்கவே இல்லை. "வளர்ற புள்ள வயித்த எதுக்குக் கட்டுற?" என்று என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆலோசகர் அம்மா அடுத்த முறை போனில் அத்தையைக் கூப்பிடச் சொல்லி, சாயங்காலம் அவனோடு இருப்பது நீங்கள்தானே, நோட்டு உங்கள் பொறுப்பு என்றார். அத்தைக்கு எழுதத் தெரியாது. அதனால் மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி ஒட்ட ஆரம்பித்தார்கள். சிவப்பு மங்கலம், அதைப்போய்க் கெட்டதுக்கு வைப்பதா என்று முதலில் சண்டை, பிறகு சிவப்புக்குப் பதில் கருப்புப் பொட்டு என்று பேசி முடித்தோம்.

பரிசு உண்டு, ஆனால் தின்பண்டமோ காசோ கிடையாது. வாரம் முழுக்க நோட்டு எழுதினால் ஞாயிறு எங்கே போவது என்று அவன் முடிவு செய்யலாம். கேத்தரின் அருவிக்கு நடந்தது மட்டும் ஐந்து முறை இருக்கும். எடையைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது, இதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அடுத்த கஷ்டம் மழை. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் அதிகம், ஐப்பசி கார்த்திகையில் வெளியே அனுப்பவே முடியாது, அந்த நாட்களில் கூடத்திலேயே ஸ்கிப்பிங் கயிறு.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்ததில் மூன்று வாரம் நோட்டு காலி. திட்டுவார்கள் என்று பயந்து போகாமலே இருந்துவிடப் பார்த்தேன். காலி நோட்டையும் எடுத்து வாங்க, எந்த நாளில் நின்றது என்று பார்க்கலாம் என்றார்கள்.

இப்போது 140 சென்டிமீட்டர், 49 கிலோ. எடை ஒரு கிலோ ஏறித்தான் இருக்கிறது, ஆனால் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான், வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றாலே நல்ல மாற்றம் என்று மருத்துவர் சொன்னார். வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற எடை என்கிற கோட்டுக்கு இன்னும் மேலேதான் இருக்கிறான். கழுத்துக் கருப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

குன்னூர், உடற்கல்வி ஆசிரியர்:

சகோதரி, படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வருடா வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், பக்கத்தில் ஒருவர் எழுதுவார். இரண்டு வருடம் முன்னால் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எடை பார்க்கும் நாளில் மட்டும் லீவு போடுகிறாள் என்று வகுப்பாசிரியர் சொன்னபோதுதான் உறைத்தது. இப்போது தனி அறையில் ஒவ்வொருவராகப் பார்க்கிறேன், எண்ணை நானே எழுதுகிறேன். ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வரும் பிள்ளை அடுத்த முறை விளையாடவே வராது, அதனால் எல்லோரும் நிற்காமல் ஓடும் ஆட்டங்களாக வைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது, பள்ளியில் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. மேட்டில் இருக்கும் வீட்டுக்குப் படியேறிப் போகிற பிள்ளையை ஆட்டோவில் ஏற்றாதீர்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

கூடலூர்:

நான் 11 வயதில் பட்டினி போடப்பட்டவள். அம்மா அலமாரியைப் பூட்டி வைப்பார், நான் பக்கத்து வீட்டில் தின்பேன், குளியலறையில் ஒளித்து வைத்துத் தின்பேன். மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது, ஒரு வருடத்தில் பத்து கிலோ ஏறியது. அக்கா, உங்கள் பையனுக்குக் கிடைத்த அந்த 40 சிவப்பு எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது 34 வயதிலும் யாராவது பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

உதகை, செவிலியர்:

அப்பா அம்மாவுக்கும் நோட்டு என்பது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் லெனார்ட் எப்ஸ்டீன் என்ற ஆய்வாளர் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பெற்றோரோடு சேர்த்துச் சிகிச்சைக்கு எடுத்து, 10 வருடம் கழித்து மறுபடி அளந்து 1990-இல் வெளியிட்டார். பிள்ளை, பெற்றோர் இருவரின் மாற்றத்தையும் பாராட்டிய குழுவில் மிகை எடைச் சதவீதம் (இருக்கவேண்டிய எடையைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பது) தொடக்கத்தைவிட 7.5 குறைந்திருந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 14.3 கூடியிருந்தது. சிக்னல் நிறமும் அவர் வழிதான்.

நேரம்தான் நமக்குப் பிரச்சனை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2023-இல் கொடுத்த வழிகாட்டுதலில் 3 முதல் 12 மாதத்துக்குள் 26 மணி நேரமாவது குடும்பத்தோடு நேரில் உட்காரவேண்டும் என்கிறார்கள். மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு தடவை போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுக்கும், யார் 26 தடவை போவார்கள்? நேரில் பார்ப்பதற்கு ஈடாகாதுதான், இருந்தாலும் நடுவில் வாரம் ஒரு போன் அழைப்பு கேட்டு வாங்குங்கள், அதில் பிள்ளையோடு பாட்டியையும் பேசவிடுங்கள்.

கோத்தகிரி, 10 வயதுப் பையனின் அம்மா:

கூடலூர்த் தங்கைக்கு: உங்கள் பதிலை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். பலகார அலமாரிக்குப் பூட்டு வாங்கலாமா என்று போன மாதம் கேட்டவர் அவர்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.