ஸ்கேல் வைத்து டேப் வெட்டி தாளம் கட்டுவது: 60களின் பாணி லூப்புக்கு உதவி தேவை

விண்கலப்பாப்:
எலக்ட்ரானிக் இசைக் கலைஞர்கள் ழான்-ழாக் பெர்ரேவும் கெர்ஷன் கிங்ஸ்லியும் 1966ல் சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்தை இதுவரை கேட்காதவர்கள் உடனே கேளுங்கள். கார்ட்டூன் சத்தம் மாதிரித் தொடங்கி, அப்படியே தாளத்தில் உட்கார்ந்துவிடும். அந்த வேடிக்கைச் சத்தங்கள் எல்லாம் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியவை. அதே முறையில், கணினி இல்லாமல், கதவு சாத்துவது, தண்ணீர் சொட்டுவது, பாட்டில் மூடி திறப்பது ஆகியவற்றை வைத்து எட்டு பீட் லூப் (இரு முனையும் ஒட்டி வளையமாகச் சுற்றும் டேப்) ஒன்று செய்ய வேண்டும். கையில் இருப்பது கால் அங்குல ஸ்பூல் ரெக்கார்டர். விநாடிக்கு 9.5, 19 செ.மீ. என இரண்டு வேகம், குவார்ட்டர் டிராக் ஸ்டீரியோ (டேப்பின் அகலத்தில் நான்கு தடங்கள், ஒரு பக்கத்துக்கு இரண்டு). டெம்போ நிமிடத்துக்கு 120 பீட். நீளத்தை எப்படிக் கணக்கிடுவது? ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று கேட்கிறது. லூப் சுற்றும்போது ஓசை மங்குகிறது. கேசட்டில் செய்தால் எளிதாக இருக்குமா?

ஃபெர்ரிக்:
60ஐ டெம்போவால் வகுத்து, டேப் வேகத்தால் பெருக்குங்கள். 120க்கு ஒரு பீட் அரை விநாடி. 19 செ.மீ. வேகம் என்பது சரியாகச் சொன்னால் 19.05, எனவே பீட்டுக்கு 9.5 செ.மீ., எட்டு பீட்டுக்கு 76. மெதுவான வேகத்தில் வெட்டவே வெட்டாதீர்கள். 19ல் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 5 மில்லிசெகண்ட், யாருக்கும் தெரியாது. 9.5ல் அதே பிசகு இரட்டிப்பாகும்.

எல்லாத் துண்டும் 9.4 ஆக இருந்தால் டெம்போ ஒரு இம்மி கூடும், அவ்வளவுதான். ஒன்று 9.3, அடுத்தது 9.7 என்றால் தாளம் நொண்டும். அதனால் துண்டுகள் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதுதான் முக்கியம். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' (1973) தொடக்கத்தில் வரும் காசுச் சத்தம் இப்படி ஸ்கேல் வைத்து வெட்டிய ஏழு துண்டுகள்தான். பாட்டின் ஏழு பீட் கணக்கு அந்த லூப்பிலேயே இருக்கிறது.

அளக்க வேண்டியது ஒரு சத்தம் தொடங்கும் இடத்திலிருந்து அடுத்தது தொடங்கும் இடம்வரை. ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, 'டப்' என்று விழும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிளே ஹெட்டின் (டேப்பைப் படிக்கும் முனை) நடுவில் இருக்கும் டேப்பின் முதுகில் (காந்தப் பூச்சு இல்லாத பக்கம்) மெழுகுப் பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் வெட்டு. சத்தம் பீட்டைவிடச் சிறியதாக இருந்தால் மீதியை லீடர் டேப்பால் (காந்தப் பூச்சே இல்லாத வெறும் பிளாஸ்டிக் நாடா) நிரப்ப வேண்டாம். அங்கே மட்டும் இரைச்சல் அறுந்து ஓட்டை விழுந்த மாதிரி கேட்கும். ஒன்றும் பேசாமல் ரெக்கார்ட் செய்த வெற்று டேப்பே சரி.

வெட்டும்பிளேடு:
'டிக்' சத்தத்துக்குப் பெரும்பாலும் பிளேடுதான் காரணம். எஃகு பிளேடு காந்தம் ஏறியிருந்தால் வெட்டிய ஓரத்தில் அது பதிந்துவிடும். ஹெட்டுக்கான டீமேக்னடைசரையே (காந்தத்தை நீக்கும் கருவி) பிளேடுக்கும் காட்டுங்க. ரெண்டாவது காரணம், நேர் 90 டிகிரி வெட்டு. ஒரு சத்தம் முழு வீச்சில் இருக்கும்போது நறுக்கினால் 'டிக்' வராமல் என்ன செய்யும்?

அதுக்காக எல்லாரும் சொல்ற 45 டிகிரிக்கும் போகாதீங்க. உங்க மெஷின் குவார்ட்டர் டிராக். இடது வலது டிராக்குகளுக்கு நடுவே சுமார் 3.4 மி.மீ. இருக்கு, 45ல் வெட்டினால் ஒரு பக்கம் 18 மில்லிசெகண்ட் முந்திக்கும், அடி ரெண்டாப் பிளந்து கேட்கும். 60 டிகிரி சரியா இருக்கும். ஒட்ட 5.6 மி.மீ. அகல ஸ்ப்ளைசிங் டேப், முதுகுப் பக்கம் மட்டும், ஓரத்தைத் தாண்டாமல். முனைகள் முட்டிக்கணும், ஏறவும் கூடாது, இடைவெளியும் கூடாது. செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், பசை கசிஞ்சு ஹெட்டில் அப்பிக்கும்.

இன்னொண்ணு: துண்டை முன்பின்னாத் திருப்பி ஒட்டினால் சத்தம் தலைகீழா வரும்னு நம்பாதீங்க. குவார்ட்டர் டிராக்கில் திருப்பினால் மறுபக்க டிராக்குகள்தான் ஹெட்டுக்கு வரும், வெறும் இரைச்சல்தான் கேட்கும். அந்த வித்தைக்கு ஹாஃப் டிராக் (அகலத்தில் ரெண்டே தடம்) மெஷின் வேணும்.

ஸ்பூல்பித்து:
ஓசை மங்குவது இழுவிசை போதாததால். சாதாரணமாக ஓடும்போது இடது ஸ்பூல் பின்னால் இழுப்பதால்தான் டேப் ஹெட்டில் ஒட்டி நிற்கிறது. லூப்பில் அந்த இழுப்பு இல்லை. மைக் ஸ்டாண்டின் வழவழப்பான கம்பியை மெஷினுக்கு வெளியே நிறுத்தி லூப்பை அதைச் சுற்றி ஓட்டுங்கள். டேப் தொய்யாத, ஆனால் விரலால் தொட்டால் எளிதாக விலகும் தூரம்வரை கம்பியை நகர்த்துங்கள். அதிகம் இழுத்தால் வேகம் ஆடும். தொய்வு கண்டால் நின்றுவிடும் மெஷின் என்றால், தொய்வை உணரும் நெம்புகோலை ரப்பர் பேண்டால் பிடித்து வையுங்கள். 50 மைக்ரான் டேப்பே எடுங்கள். 25 மைக்ரான் நீண்டுவிடும், போட்ட கணக்கெல்லாம் வீண்.

விண்கலப்பாப்:
60 டிகிரியில் வெட்டுகிறேன், நன்றி. லூப் ஓடும்போதே அதன் மேல் இன்னொரு சத்தம் ஏற்ற முடியுமா?

ஸ்பூல்பித்து:
எரேஸ் ஹெட்டை (பழைய பதிவை அழிக்கும் முனை) தடித்த காகிதத்தால் மறைத்தால் பழையது முழுதாக அழியாது. ஆனால் ரெக்கார்ட் ஹெட்டின் பயாஸ் (பதியும்போது ஒலியோடு சேர்த்து அனுப்பும் மிக உயர் அலைவரிசைச் சிக்னல்) பழைய ஓசையை, முக்கியமாக உயர் அலைவரிசையை, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தின்னும். அதனால் கதவு மாதிரிக் கனமான சத்தம் முதலில், சொட்டு மாதிரிக் கூர்மையானது கடைசியில். இரண்டு மெஷினில் இரண்டு லூப் ஓட்டி ஒத்துப்போக வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், மோட்டார்கள் நிச்சயம் விலகும். பிபிசி தொடர் 'டாக்டர் ஹூ' முகப்பிசைக்கு (1963) டெலியா டெர்பிஷயர் செய்ததுபோல் அடுக்குகளை லூப்பாக அல்லாமல் தனித்தனியே நீளமான டேப்பாக வெட்டி, ஒன்றாகத் தொடங்கி, கலவையை மூன்றாவது டேப்பில் பிடிப்பதே வழி.

ஃபெர்ரிக்:
கேசட் கேள்வி விட்டுப்போச்சு. வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ., அங்கே ஒரு மில்லிமீட்டர் 21 மில்லிசெகண்ட். துண்டு துண்டாக வெட்டித் தாளம் கட்ட அது ஆகாது. ஒரே ஒட்டு போட்ட வெற்று லூப் செய்து, அதில் ரெக்கார்ட் செய்யலாம். ஐந்து ஸ்க்ரூ உள்ள கூடு வேண்டும். உள்ளே இரண்டு மூலை ரோலர்களையும் ஒரு சக்கரத்தையும் சுற்றி முதலில் நூல் ஓட்டி அளந்துகொள்ளுங்கள். சுமார் 24 செ.மீ. வரும், அதாவது ஐந்து விநாடி. 120ல் அது பத்து பீட். எட்டுதான் வேண்டும் என்றால் டெம்போவை 95க்கு இறக்குங்கள். இறுக்கமாக இருந்தால் நின்றுவிடும், தொளதொளவென்றால் ரோலர் டேப்பை விழுங்கும். மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் குறைத்துப் பாருங்கள்.