வரவுக்குள் செலவு என்பதை அரசியல் சாசனத்தில் எழுதலாமா? ஜெர்மனியின் அனுபவம்

நீலமேகம் எழுதியது:
அரசு தன் வருவாய்க்குள் செலவு செய்ய வேண்டும் என்பதைச் சாதாரணச் சட்டத்தில் எழுதினால் போதாது, அரசியல் சாசனத்திலேயே எழுத வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இந்தியாவின் 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டம் வைத்த 3 சதவீதப் பற்றாக்குறை இலக்கு பலமுறை தள்ளிவைக்கப்பட்டதை நாம் பார்த்திருக்கிறோம். ஜெர்மனி 2009இல் தன் அரசியல் சாசனமான ‘அடிப்படைச் சட்டத்தின்’ 109, 115ஆம் பிரிவுகளைத் திருத்தியது. பொருளாதார ஏற்ற இறக்கத்தின் விளைவைக் கழித்துப் பார்க்கையில், மத்திய அரசு ஓராண்டில் வாங்கும் புதுக்கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதி. அங்கே அதைக் ‘கடன் பிரேக்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். 2010இல் உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்த பொதுக்கடன், 2019இல் 60 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. கொரோனாக் காலத்தில் அந்நாடு தயங்காமல் கடன் வாங்க முடிந்தது என்றால், முன்பே கடனைக் குறைத்து வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பொன்னி எழுதியது:
கடன் குறைந்தது உண்மைதான், ஆனால் அந்தப் பெருமை முழுவதும் விதியைச் சேராது. அந்தப் பத்தாண்டில் வட்டி விகிதம் பூஜ்யத்தை நெருங்கியது, ஏற்றுமதி செழித்தது, வேலைவாய்ப்புப் பெருகி வரி வருவாயும் உயர்ந்தது. என் கவலையெல்லாம் விதியின் அழுத்தம் எந்தச் செலவின் மீது விழுகிறது என்பது பற்றியது. ஓய்வூதியத்தைக் குறைத்தால் மறுநாளே மக்கள் வீதிக்கு வந்துவிடுவார்கள்; பாலத்தின் பராமரிப்பைத் தள்ளிவைத்தால் பல ஆண்டுகளுக்கு எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். லூடென்ஷைட் நகருக்கு அருகே, ஏ45 நெடுஞ்சாலையில் 1968இல் திறக்கப்பட்ட ராமெடே பாலம் 2021 டிசம்பரில் திடீரென மூடப்பட்டது. 2023 மே மாதத்தில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நெடுஞ்சாலையில் போக வேண்டிய லாரிகள் ஊருக்குள் புகுந்து சென்றன. ஏட்டில் ஏறாத இதுவும் அடுத்த தலைமுறையின் மேல் சுமத்தப்பட்ட கடன்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தென்னவன் எழுதியது:
2024 செப்டம்பரில் டிரெஸ்டனில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்ததே, அதற்கும் இந்த விதிதான் காரணமா?

நீலமேகம் எழுதியது:
இல்லை, தென்னவன். அது மாநகராட்சியின் பாலம். உள்ளே இருந்த எஃகுக் கம்பிகள் அரிப்பினால் அறுந்துபோனதே காரணம். பொன்னி அவர்கள் சொல்லும் முதலீட்டுக் குறைவை நான் மறுக்கவில்லை. ஆனால் திட்ட அனுமதி பெற ஆகும் காலமும் பொறியாளர் பற்றாக்குறையும் ஒதுக்கிய பணத்தைக்கூடச் செலவிட முடியாமல் செய்துவிடுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலீட்டுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாமே என்றால், ஜெர்மனி அதையும் செய்து பார்த்த நாடு. முதலீட்டுச் செலவின் அளவுக்கு மட்டுமே கடன் வாங்கலாம் என்ற விதி 1969 முதல் அதே 115ஆம் பிரிவில் இருந்தது. புதிதாகக் கட்டியதையெல்லாம் முதலீடு என்று கூட்டினார்கள்; பழையவற்றின் தேய்மானத்தைக் கழிக்கவில்லை. பொருளாதாரச் சமநிலை குலைந்திருக்கிறது என்று அறிவித்து வரம்பைத் தாண்டுவதற்கும் வழி இருந்தது. 1970இல் 20 சதவீதத்தை எட்டாத கடன், நாற்பது ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேல் போனது அந்த விதி இருந்தபோதுதான்.

பொன்னி எழுதியது:
இது வலுவான வாதம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இறுக்கமான விதிக்கும் புறவழிகள் தோன்றிவிட்டனவே. 2022இல் ராணுவத்துக்கென 10,000 கோடி யூரோவுக்குத் தனி நிதியை, அடிப்படைச் சட்டத்தைத் திருத்தியே உருவாக்கினார்கள். கொரோனாவுக்காக அனுமதிக்கப்பட்டுப் பயன்படாமல் கிடந்த 6,000 கோடி யூரோ கடன் உரிமையைக் காலநிலை நிதிக்கு மாற்றியதை, 2023 நவம்பர் 15 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. ஓராண்டு கழித்து, வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிய சண்டையில் கூட்டணி அரசே உடைந்தது. 2025 மார்ச்சில் நடந்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது. பிப்ரவரித் தேர்தலில் மக்கள் புதிய நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்துவிட்ட பிறகு, சாசனத் திருத்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு அதில் கிடைப்பது அரிது என்பதால், காலாவதியாகவிருந்த பழைய அவையைக் கூட்டித் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவுக்கு விலக்கு, உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ கடன் நிதி என எல்லாம் சில நாட்களில் முடிந்தன. சாதாரணச் சட்டமாக இருந்திருந்தால் புதிய அவையே பெரும்பான்மையால் மாற்றியிருக்கும். சாசனத்தில் இருந்ததால்தான் மக்கள் தீர்ப்பைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

நீலமேகம் எழுதியது:
அந்த மார்ச் மாத வாக்கெடுப்பு சட்டப்படி சரியானது; ஆனாலும் எனக்கும் அது உறுத்துகிறது. நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு நெருக்கடியின் பெயரால் வாங்கிய அனுமதியை வேறொரு தேவைக்குத் திருப்பும் அரசை, சாதாரணச் சட்டத்தைக் கொண்டு எந்த நீதிமன்றமும் தடுத்திருக்க முடியாது. தேய்மானத்தைக் கழித்த நிகர முதலீட்டுக்கு மட்டும் விலக்கு என்று சாசனத்திலேயே எழுதினால் நீங்கள் ஏற்பீர்களா?

பொன்னி எழுதியது:
தேய்மானத்தைக் கழிப்பதானால் பாதி தூரம் வருவேன். எது முதலீடு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பள்ளிக் கட்டடம் முதலீடு, அதில் பாடம் நடத்தும் ஆசிரியரின் ஊதியம் வெறும் செலவு என்று எழுதப்படுமானால், நான் எதிர்த்தே வாக்களிப்பேன்.