பாதி இதழ், பாதி மகரந்தத்தாள்: அடுக்கு செம்பருத்தியில் இது எப்படி?

கேள்வி (மொட்டு):
நேற்று ஓர் அடுக்கு செம்பருத்தியை ஒவ்வோர் இதழாகப் பிய்த்துப் பார்த்தேன். உள்ளே போகப் போக இதழ்கள் சிறுத்தன. ஒரு சின்ன இதழின் ஓரத்தில் மட்டும் மஞ்சள் மகரந்தப்பை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இது இதழா, மகரந்தத்தாளா? செடி முழுக்க ஒரே டி.என்.ஏ. என்றால், பூவுக்குள் மட்டும் ஏன் இத்தனை வேறுபாடு?

பதில் (இலைக்காம்பு):
பூச்சி கடித்திருக்கும். இன்னொரு பூவைப் பாருங்கள்.

பதில் (பழைய லென்ஸ்):
பூச்சி இல்லை. அடுக்குப் பூக்களில் இது சகஜம். தேடினால் ரோஜாவிலும் கிடைக்கும்.

டி.என்.ஏ. ஒன்றுதான், ஆனால் எந்த மரபணு எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பது மாறும். அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு சின்னக் கடுகுக் குடும்பச் செடி), ஸ்னாப்டிராகன் (ஒரு தோட்டப் பூச்செடி) இவற்றின் கோணல் பூக்களை வைத்து கோயன், மேயரோவிட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1991-இல் இந்த மரபணுக்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகச் சொன்னார்கள். ஏ மட்டும் என்றால் புல்லி, அதாவது பூவின் அடியில் இருக்கும் பச்சை இதழ். ஏ-யும் பி-யும் சேர்ந்தால் அல்லி இதழ். பி-யும் சி-யும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி தனியாக இருந்தால் சூலகம். ஏ-யும் சி-யும் மாமியார் மருமகள் மாதிரி, ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்காது. சி பின்வாங்கினால் அந்த இடத்தை ஏ பிடித்துக்கொள்ளும். மகரந்தத்தாள் ஆகவேண்டியது இதழாகிவிடும். உங்கள் கையில் இருந்தது எல்லைத் தகராறில் மாட்டிக்கொண்ட ஒன்று.

இவை சுவிட்சுகள் மட்டுமே. இவை தட்டிவிட்ட பிறகு இதழில் நிறமி செய்யும் மரபணுக்கள் ஓடும், மகரந்தப்பையில் மகரந்தத்துக்கு உறை கட்டுபவை ஓடும். ஓடும் மரபணு தன் நகலாக ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும்; பாகங்களைத் தனித்தனியாக வெட்டி அதை அளந்தால் இந்த வித்தியாசம் தெரியும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்: கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது.

மொட்டு:
சரி, சி அடியோடு போய்விட்டால்?

பழைய லென்ஸ்:
அராபிடாப்சிஸில் அப்படி ஒரு வகை உண்டு. மகரந்தத்தாள் இருக்காது, சூலகமும் இருக்காது. அதன் இடத்தில் இன்னொரு பூ, அதற்குள் இன்னொன்று. விதையே கட்டாது. உங்கள் பூவில் நடுவே சூல்தண்டு இருந்ததா?

மொட்டு:
இருந்தது. நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டும் இருந்தன.

பழைய லென்ஸ்:
அப்படியானால் நடுவில் சி உயிரோடுதான் இருக்கிறது. அதன் எல்லைதான் உள்ளே சுருங்கியிருக்க வேண்டும். அடுக்கு ரோஜாவில் இப்படித்தான் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

இலைக்காம்பு:
பூச்சியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.