பல்லாவரம் தெருக் குழு: ஞாயிறு எழும்பூர் வருகிறவர்கள் யார்?

எஃப்2 அக்கா: வணக்கம். சின்னவனுக்குப் பள்ளியில் நம் ஊர் வரலாறு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏர்போர்ட், வெள்ளிக்கிழமைச் சந்தை இரண்டையும் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். வேறு என்ன எழுதலாம்?

மாடி வீட்டு சார்: 1863 மே 30 என்று முதல் வரியில் எழுதச் சொல்லும்மா. அன்றைக்குத்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் நம் கன்டோன்மென்ட் மைதானத்துப் பக்கம், சரளைக்கல் தோண்டிய குழியில் ஒரு கைக்கோடரியைப் பார்த்து எடுத்தார். பழைய கற்காலக் கருவி என்று இந்தியாவில் அடையாளம் கண்ட முதல் கல் அது!

எஸ்1 தம்பி: சும்மா கிடக்கிற கல்லைப் பார்த்து எப்படி சார் கண்டுபிடித்தார்?

மாடி வீட்டு சார்: இந்த மாதிரிக் கற்கள் ஆதிமனிதன் செய்தவைதான் என்று ஐரோப்பாவில் 1859-இல்தான் ஒத்துக்கொண்டார்கள் தம்பி, அந்தச் செய்தியெல்லாம் தெரிந்தவர் இவர். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, ஒரு முனையைக் கூராக்கி, அடிப்பக்கம் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி விட்டிருப்பார்கள். தானாக உருண்டு வந்த கல் அப்படி உடையாது. அதே வருடம் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த கருவிகளுக்குத்தான் 15 லட்சம் வருடம் என்று 2011-இல் ஆய்வு வந்தது. அந்த வயதை நம் ஊர்க் கல்லுக்குப் போட்டுவிடாமல் பையனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜி3 பாய்: மலைத் தர்காவை விட்டுவிட்டீர்களே சார். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகை அது, அவருடைய பட்டப்பெயர்கள் இன்னும் கல்லில் இருக்கின்றன. எங்கள் வாப்பா எங்களைக் கூட்டிப்போய் எழுத்தைக் காட்டித்தான் ஓத உட்காருவார். அதையும் எழுதட்டும்.

எஃப்2 அக்கா: கண்டிப்பாக பாய்.

பின்வீட்டு அண்ணன்: வரலாறெல்லாம் சரி. பெருங்கற்காலப் புதைகுழி இடத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கிய என் மச்சான், மாடி எழுப்ப அனுமதி கிடைக்காமல் அலைகிறார். அதையும் யாராவது பேசுங்கள்.

மாடி வீட்டு சார்: பேசத்தான் வேண்டும். 2010 சட்டத் திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். பத்திரம் பதிகிற அன்றைக்கே இதை வாங்குகிறவரிடம் சொல்லியிருந்தால் உங்கள் மச்சானுக்கு இந்த அலைச்சல் இல்லை. ஆனால் அண்ணே, இறந்தவர்களை வைத்துப் புதைத்த, குட்டிக் குட்டிக் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை கிடைத்த மண் இது. கடைக்கால் தோண்டும்போது ஒன்று உடைந்தால் போனது போனதுதான்.

பின்வீட்டு அண்ணன்: அதுவும் நியாயம்தான்.

எஸ்1 தம்பி: ஃபூட் எடுத்ததெல்லாம் இப்போது எங்கே சார்?

மாடி வீட்டு சார்: அவர் சேகரிப்பை 1904-இல் சென்னை அரசு வாங்கியது, எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை லீவு, அதனால் ஞாயிறு போகலாம். பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வாருங்கள், நானே சுற்றிக் காட்டுகிறேன்.

எஃப்2 அக்கா: நாங்கள் மூன்று பேர்.

ஜி3 பாய்: பேரனோடு நானும் வருகிறேன். 9 மணிக்கு ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் பக்கம் நிற்கிறோம்.

பின்வீட்டு அண்ணன்: மச்சானையும் அழைத்து வரட்டுமா?

மாடி வீட்டு சார்: தாராளமாக. பத்திர நகலையும் எடுத்து வரச் சொல்லுங்கள், ரயிலிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.