தறியும் நூலும் ஒன்றுதான், நிர்வாகம் மட்டும் ஏன் ஆலைக்கு ஆலை மாறுகிறது?

கணக்கன்:
மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகளில் 2008-ல் ஒரு சோதனை தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு, உலக வங்கி ஆய்வாளர்கள் 17 நிறுவனங்களின் 28 ஆலைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு ஐந்து மாத இலவச ஆலோசனை, மற்றவர்களுக்கு ஒரு மாத மதிப்பீடு மட்டும். ஆலோசகர்கள் சொன்னது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. துணியில் விழும் குறையைத் தினமும் வகை பிரித்து எழுது, தறி நிற்கும் முன்பே பராமரி, நூல் இருப்புக்குக் கணக்கு வை. முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17% கூடியது. இதை முதலாளிகள் முன்பே ஏன் செய்யவில்லை? சிலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ, 'நம்ம ஆலைக்கு எதுக்கு' என்ற நினைப்பு.

தறிக்காரன்:
முதலாளியை அவ்வளவு விவரம் தெரியாதவன் ஆக்கிவிடாதீங்க சார். பல்லடம் பக்கம் நானும் தறி ஓட்டுகிறேன். நோட்டு எழுத ஒரு ஆள், அதைச் சரிபார்க்க இன்னொரு ஆள், இரண்டு பேருக்கும் சம்பளம். கூலிக்கு நெய்கிறவனுக்குப் பாவும் (தறியில் நீளவாட்டில் ஓடும் இழை) நூலும் வேலை கொடுக்கிற பார்ட்டியே கொடுத்துவிடுகிறார். நூல் இருப்புக்குக் கணக்கு வைத்து நான் என்ன மிச்சம் பிடிப்பது? ஏற்றுமதிக்கு நெய்கிறவருக்கு டேமேஜ் வந்தால் பில்லில் பிடிப்பார்கள், அவர் எழுதட்டும். தொழில் வேறானால் நிர்வாகமும் வேறாகத்தான் இருக்கும்.

கணக்கன்:
சரி, கூலி நெசவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே இருந்தவை சராசரியாக 270 பேர் வேலை பார்த்த நிறுவனங்கள். சொந்த நூலையே பெயர்ச்சீட்டு இல்லாமல், ரகம் கலந்து, ஈரம் ஏறும்படி குவித்து வைத்திருந்தார்கள். காசு போட்டு வாங்கிய நூலை அப்படி வைப்பதில் என்ன கணக்கு இருக்கிறது?

பங்காளி:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். நிறுவனம் எவ்வளவு பெரிதாகிறது என்பதை அங்கே நிர்வாகத் திறமையைவிட அதிகம் தீர்மானித்தது, குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதுதான். (மகள்கள் கணக்கிலேயே வரவில்லை, கவனிச்சீங்களா?) வெளியாளிடம் பணமும் சாவியும் கொடுக்கப் பயம். அவன் கையாடல் செய்தால் கோர்ட்டுக்குப் போய் எப்போது முடியும்? அதனால் நன்றாக நடத்துகிறவர் அடுத்த ஆலை போடுவதில்லை. மோசமாக நடத்துகிறவரும் மூடுவதில்லை, வெளிநாட்டுத் துணி உள்ளே வராதபடி இறக்குமதி வரி அவரைக் காத்தது. சீர்கெட்ட ஆலையைச் சந்தை ஒதுக்கித் தள்ளினால்தானே வித்தியாசம் குறையும்?

தறிக்காரன்:
பங்காளி அண்ணன் சொல்வது எனக்கும் சரியாகப் படுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அதே ஆய்வாளர்கள் 2017-ல் திரும்பப் போய்ப் பார்த்தபோது, சொல்லிக்கொடுத்த முறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தது. லாபம் தருவதை எவன் விடுவான்?

கணக்கன்:
மேனேஜர் மாறியதும் முதலாளிக்கு நேரம் இல்லாததும்தான் பெரிய காரணங்கள். லாபம் இல்லை என்று கணக்குப் பார்த்து விட்டதாகத் தெரியவில்லை. மிச்சம் இருந்த பாதியிலேயே ஆலோசனை கிடைக்காத ஆலைகளைவிட அவர்கள் முன்னால்தான் இருந்தார்கள்.

தறிக்காரன்:
மேனேஜர் போனதும் போய்விடுகிற முறை என்றால், அவரைப் பிடித்து வைக்கும் சம்பளத்தையும் உங்கள் 17 சதவீதத்தில் கழிங்க சார். அப்புறம் பேசலாம்.